ஆசிரியர் அறையிலிருந்து வந்த கடிதங்கள்

இம்மாதம் இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மதுரையையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த கல்லூரி ஆசிரியர்கள் எழுதியவை. மதுரையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் அவற்றுள் சிலவற்றுக்கு விடை எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயரையும் அவர்கள் பணிபுரியும் கல்லூரியையும் வெளியிடவில்லை.

அம்மா, வணக்கம். எங்கள் கல்லூரியில் முதல் வகுப்பு ஒன்பதரை மணிக்குத் தொடங்குகிறது. கொட்டாம்பட்டி, நத்தம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் மாணவிகளில் பாதிப் பேர் பத்து மணியளவில்தான் உள்ளே வருகிறார்கள். தாமதமாக வந்தால் அந்த மணிக்கு வருகை போடக் கூடாது என்பது துறைத்தலைவரின் உத்தரவு. அதற்கு முன்னால் பேருந்து இல்லை என்று மாணவிகள் சொல்கிறார்கள். நாள்தோறும் இதே சங்கடம். என்ன செய்வது?
(வணிகவியல் ஆசிரியை, மேலூர்)

முதலில் இந்த உத்தரவு ஒரு மாணவியை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு செமஸ்டருக்கு 90 வேலைநாள்கள், நாளொன்றுக்கு 5 மணி என்றால் மொத்தம் 450 வகுப்பு மணிகள். 75 விழுக்காடு வருகை கட்டாயம் என்பதால் ஏறத்தாழ 112 மணிகள்தான் ஒருவர் வராமல் இருக்க முடியும். நாள்தோறும் முதல் மணியை இழக்கும் மாணவிக்கு அதிலேயே 90 மணிகள் போய்விடுகின்றன. காய்ச்சல், வீட்டு விசேஷம், ஊர்த் திருவிழா எல்லாவற்றுக்கும் சேர்த்து அவளுக்கு எஞ்சுவது 22 மணிகள்; முதல் மணி போக நாளுக்கு நான்கு மணி வீதம் ஐந்தரை நாள். கிராமத்திலிருந்து படிக்க வரும் ஒரு பெண்ணால் இதைத் தாண்டாமல் இருக்க முடியாது. செமஸ்டர் முடிவில், வருகைக் குறைவைப் பொறுத்துத் தேர்வெழுத விடுவதற்கான காண்டொனேஷன் கட்டணத்தைக் கட்டச் சொல்வோம். அதற்கும் கீழே போனால் ஹால் டிக்கெட் கிடைக்காது. படிப்பில் அக்கறை இல்லாதவள் என்று பதிவேடு சொல்லும். உண்மையில் அவள் காலை ஏழரை மணிக்கே ஊர் நிறுத்தத்தில் வந்து நிற்பவளாக இருக்கலாம்.

முன்னதாக வரும் வேறு பேருந்தில் ஏறி வரலாமே என்று சிலர் கேட்பார்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாணவர்களின் பயண அட்டையும் எல்லா வண்டிகளிலும் செல்லுபடியாவதில்லை. காசு கொடுத்து வரும் வண்டியில் நாள்தோறும் ஏறுவது, கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய்க்கு மாதக் கடைசியில் பெரிய தொகை. ஆகவே அந்தப் பெண் கட்டணமில்லாப் பேருந்துக்காகக் காத்திருக்கிறாள். அதைச் சோம்பல் என்று எண்ணுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது இது. ஒரு தாளில் மாணவியின் ஊர், ஏறும் நிறுத்தம், பேருந்து வரும் நேரம், அது மேலூரை அடையும் நேரம் ஆகியவற்றை மாணவிகளையே எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வழித்தடங்கள்தான் சிக்கலுக்குக் காரணம் என்பது தெரிந்துவிடும். அந்தத் தாளோடு மாணவிகளின் மனுவையும் முதல்வரின் முகப்புக் கடிதத்தையும் சேர்த்துப் போக்குவரத்துக் கழகப் பணிமனையின் கிளை மேலாளரிடம் கொடுக்க வேண்டும். அங்கே பயன் இல்லையெனில், திங்கள்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுக்கலாம். புதிய பேருந்து கேட்டால் கிடைப்பது அரிது. இருக்கும் ஒரு நடையை அரைமணி நேரம் முன்னே தள்ளிக் கேட்பது நியாயமான, நிறைவேறக்கூடிய கோரிக்கை.

அதுவரை வகுப்பில் முதல் அரைமணியை முந்தைய நாள் கணக்கை மீண்டும் போட்டுப் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தோடு வந்தவர்களுக்கு அது பயிற்சி. புதிய பாடத்தை அனைவரும் வந்தபின் தொடங்கலாம். வராதவருக்கு வருகை போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது வழியாகாது. மேலே எழுதிய கணக்கை அப்படியே துறைத்தலைவர் முன் வையுங்கள். நல்ல மனிதர்கள்கூடப் பல நேரங்களில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

மாணவர்களிடம் அசைன்மெண்ட் கேட்டால், எல்லோரும் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எடுத்த ஒரே பதிலைக் கொண்டுவந்து தருகிறார்கள். வரிக்கு வரி ஒன்றாக இருக்கிறது. இன்டர்னல் மதிப்பெண்ணில் அதற்கும் பங்கு உண்டு என்பதால் பூஜ்யம் போடவும் மனம் வரவில்லை.
(பொருளியல் ஆசிரியர், மதுரை)

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் ‘பணவீக்கத்தின் காரணங்களை விளக்குக’ என்று கேட்டால், செயலி வருவதற்கு முன்பும் மாணவர்கள் நோட்ஸைத்தான் பார்த்து எழுதினார்கள். எங்கிருந்தும் எடுத்தெழுத முடியாத கேள்வியைக் கேட்பதுதான் இதற்குத் தீர்வு என்பது என் உறுதியான கருத்து.

மதுரையில் அதற்குப் பஞ்சமே இல்லை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுத்தாவணி பூ வணிக வளாகத்துக்கு மாணவர்களை நான்கு நான்கு பேராக அனுப்பி, ஒரு வாரத்தின் விலையை நாள்வாரியாக எழுதி வரச் சொல்லுங்கள். முகூர்த்த நாளுக்கு முந்தைய நாள் விலை ஏறியிருக்கும். மார்கழிப் பனியில் வரத்து குறைந்து பல மடங்காகும். கோடையில் பூ குவியும்போது விவசாயிக்குப் பறிகூலிகூடத் தேறாது. தேவை, அளிப்பு, விலை நெகிழ்ச்சி என்று பாடநூலில் இருப்பவை அத்தனையும் அந்த ஒரு கூடைப் பூவில் இருக்கின்றன. கமிஷன் மண்டிக்காரர் எத்தனை விழுக்காடு எடுக்கிறார், அந்தத் தொகை யாரிடமிருந்து கழிக்கப்படுகிறது என்று கேட்டுவந்து எழுதினால், அது எந்தச் செயலியாலும் தர முடியாத கட்டுரை. வரலாற்றுத் துறை நண்பர்கள் மாங்குளத்துத் தமிழி (தமிழ்-பிராமி) கல்வெட்டையும் கீழடி அருங்காட்சியகத்தையும் இப்படிப் பயன்படுத்தலாம். தாவரவியல், விலங்கியல் துறைகளுக்கு அரிட்டாபட்டி இருக்கிறது; 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது.

கட்டுரை வந்தபின் ஒவ்வொருவரிடமும் இரண்டு நிமிடம் அதைப் பற்றிப் பேசுங்கள். அறுபது பேர் என்றால் இரண்டு மணி நேரம் ஆகும். நாளுக்குப் பத்துப் பேராக வகுப்பு முடிவில் வைத்துக்கொண்டால் பெரும் சுமையாகத் தெரியாது. தான் பார்த்ததைப் பற்றிப் பேசும்போது, வழக்கமாகத் தலைகுனிந்து நிற்கும் பிள்ளையும் நிமிர்ந்து பேசுவதைக் காண்பீர்கள்.

ஆங்கிலவழி இயற்பியல் வகுப்பு எடுக்கிறேன். மாணவர்களில் பெரும்பாலோர் அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். தமிழில் விளக்கினால் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் அது தரத்தைக் குறைப்பதாக மூத்த ஆசிரியர் ஒருவர் மற்றவர்கள் முன்னிலையில் கண்டித்தார்.
(உதவிப் பேராசிரியை, உசிலம்பட்டி)

நீங்கள் செய்வது சரி. தயக்கமின்றித் தொடருங்கள். 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரிக் கல்விக்குழு, பல்கலைக்கழக நிலையிலும் வட்டார மொழிகள் பயிற்றுமொழியாக வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தது. பிளஸ் டூ தேர்வில் இயற்பியலில் நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு பிள்ளை, முதல் இன்டர்னல் தேர்வில் வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டுப் போவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு இயற்பியல் ஓர் ஆண்டுக்குள் மறந்துவிடவில்லை. எழுத வேண்டிய மொழிதான் மாறிவிட்டது.

அதே வேளையில், பல்கலைக்கழகத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதப்போகிறவர்கள் என்றால், தமிழில் விளக்குவதோடு நம் வேலை முடிந்துவிடாது. கருத்தைத் தமிழில் சொல்லிப் புரியவைத்தபின், அதற்குரிய ஆங்கிலக் கலைச்சொற்களைக் கரும்பலகையில் எழுதி, அச்சொற்களைக் கொண்டு மூன்று வாக்கியங்களை மாணவர்களையே அமைக்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை ஐந்து மதிப்பெண் வினா ஒன்றை வகுப்பிலேயே எழுதவைத்துத் திருத்திக் கொடுங்கள். இலக்கணப் பிழைகளை முதல் செமஸ்டரில் சிவப்பு மையால் வட்டமிடாதீர்கள்; அறிவியல் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூத்த ஆசிரியரிடம் வாதிட வேண்டாம். செமஸ்டர் முடிவு வரும்போது உங்கள் பாடத்தின் தேர்ச்சியை அவரும் பார்ப்பார்.

கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழு வரப்போகிறது என்று ஓராண்டாக ஃபைல் வேலைதான். பாடம் நடத்தவே நேரமில்லை.
(திருமங்கலம்)

ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கல்லூரியில் நூலகம் திறந்திருக்கிறதா, ஆய்வகம் இயங்குகிறதா என்று வெளியார் வந்து கேட்பது நல்லதே. எல்லா அளவுகோல்களுக்கும் பல ஆண்டுச் சான்றுகளைக் கடைசி ஆறு மாதத்தில் தேடும்போதுதான் துன்பம் தொடங்குகிறது. கருத்தரங்கு நடந்த அன்றே சுற்றறிக்கை, வருகைப் பட்டியல், இடமும் நாளும் தெரியும் ஒளிப்படம், ஒரு பக்க அறிக்கை ஆகிய நான்கையும் ஒரே உறையில் போட்டுவைக்கும் துறைக்கு இந்தப் பதற்றம் வராது. ஆனால் ஃபைலுக்காக வகுப்பை விட்டுவிட்டு வாருங்கள் என்று யார் அழைத்தாலும், வகுப்பு முடிந்ததும் வருகிறேன் என்று பணிவாகச் சொல்லுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறை உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தலை வகுத்திருக்கிறது. உங்கள் பணியின் முதற்கடமை அந்த மணிகள்தான்.

முனைவர் பட்டம் பெற்று, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்விலும் தேறி, கௌரவ விரிவுரையாளராகப் பல ஆண்டுகள் பணிபுரிகிறேன். நிரந்தரப் பேராசிரியர் எடுக்கும் அதே வகுப்புகளை நானும் எடுக்கிறேன். கோடை விடுமுறை மாதத்துக்குச் சம்பளம் இல்லை. வீட்டில் வேறு வேலை பார்க்கச் சொல்கிறார்கள்.
(மதுரை)

உங்கள் கடிதத்தை நெடுநேரம் கையில் வைத்திருந்தேன். பொறுமையாக இருங்கள் என்று உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்கு மனம் இல்லை. ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை வழங்கலாம் என்று மானியக் குழு 2019-இல் அறிவித்தது. அந்தத் தொகை உங்களைப் போன்ற பலரின் கைக்கு வரவில்லை. இது அநீதி; இதை எதிர்த்துச் சங்கமாகப் போராடுகிறவர்கள் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

வீட்டார் சொல்வதையும் ஒதுக்கிவிடாதீர்கள். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அடுத்த தேர்வுக்கு முழுமூச்சாகப் படிப்பதற்கு ஒரு கால எல்லையை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். பணி அனுபவச் சான்றிதழ்களை ஆண்டுதோறும் உரிய கையொப்பத்தோடு வாங்கி வையுங்கள்; முதல்வர்கள் மாறியபின் பழைய ஆண்டுகளுக்குச் சான்று பெறுவதற்குப் பலர் அலைவதைக் கண்டிருக்கிறேன். அந்தக் காலத்துக்குள் இடம் கிடைக்காவிட்டால், வேறு பணிக்குச் செல்வதில் எவ்விதத் தாழ்வும் இல்லை.

கேள்வி இல்லை அம்மா, ஒரு செய்தி. என் கணித வகுப்பில் மூன்றாம் செமஸ்டர் வரை வாயே திறக்காத ஒரு மாணவர், நடவுக் காலத்தில் வயல் வேலைக்கும் போகிறவர், சென்ற வாரம் எழுந்து, ‘இதை வேறு வழியில் போடலாமா சார்?’ என்று கேட்டார். பலகைக்கு வந்து போட்டும் காட்டினார். அன்று முழுவதும் எனக்கு மகிழ்ச்சி. ஆசிரியர் அறையில் சொன்னபோது, இதற்கா இவ்வளவு என்றார்கள்.
(சோழவந்தான்)

இதற்குத்தான் இவ்வளவு. மூன்று செமஸ்டராக அந்த இளைஞர் உங்களைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார். தவறாகச் சொன்னாலும் இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று அவருக்கு உறுதிப்பட அவ்வளவு காலம் பிடித்தது. அந்த உறுதியைக் கொடுத்தது உங்கள் வகுப்பு.

அவரை எல்லோர் முன்னிலையிலும் அதிகமாகப் புகழாதீர்கள். கூச்சத்தில் மீண்டும் அடங்கிவிடக் கூடும். அடுத்த வகுப்பில் இன்னும் சற்றுக் கடினமான கணக்கொன்றைக் கொடுத்து, ‘இதற்கும் வேறு வழி இருக்கிறதா, பாருங்கள்’ என்று சொன்னால் போதும். முதுநிலைப் படிப்பைப் பற்றியும் இப்போதே அவரிடம் பேசத் தொடங்குங்கள். நுழைவுத் தேர்வு என்று ஒன்று இருப்பதே இறுதியாண்டு முடிந்தபின்தான் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தெரியவருகிறது. நடவு, அறுவடை நாள்களில் அவருடைய வருகை குறையும் என்பதையும் மனத்தில் வைத்து, அந்த வாரங்களின் பாடக் குறிப்புகள் அவர் கைக்குக் கிடைக்கச் செய்யுங்கள்.

இத்தகைய செய்திகளை எனக்கு இன்னும் எழுதுங்கள். நீண்ட நாள் அரியரை முடித்த பிள்ளை, திருமணம் ஆனபின்னும் வந்து கடைசி செமஸ்டரை எழுதிய பெண் ஆகியோரைப் பற்றிப் படிக்க இப்பகுதியின் வாசகர்கள் காத்திருக்கிறார்கள்.

மே மாதம் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க ஊர் ஊராக அனுப்புகிறார்கள். வெட்கமாக இருக்கிறது.
(பேரையூர்)

இத்தனை பேரைச் சேர்த்தால்தான் சம்பளம் என்று ஆசிரியரிடம் சொல்வது தவறு. அதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. போகத்தான் வேண்டும் என்றால், உங்கள் கல்லூரியின் துண்டறிக்கையோடு இன்னொரு செய்தியையும் கொண்டுபோங்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்தவர்கள் உயர்கல்வியில் சேர்ந்தால், மாதம் 1,000 ரூபாய் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் கிடைக்கும். இதை அறியாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் சரி, பெண்ணைப் படிக்க அனுப்புங்கள் என்று அந்தத் தாய் தந்தையரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பணம் வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கிறது.