அதிக மைல் ஓடிய டீசல் எஸ்டேட்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: குரோய்டனில் இருக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் எம்25 வழியாக ரெடிங்குக்கு வேலைக்குப் போய் வருகிறேன். வார இறுதியில் சமையல் ஓடர்களுக்குக் கிடாரங்களையும் அரிசி மூட்டைகளையும் ஏற்ற வேண்டும். இரண்டு கார்கள் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் எஸ்டேட், அதாவது பின்பக்கம் நீண்ட பெரிய டிக்கி உள்ளவை. ஒன்று 2016 ஸ்கோடா ஒக்டாவியா எஸ்டேட், 2.0 டிடிஐ டீசல், மனுவல் கியர், 148,000 மைல். மற்றது 2015 மெர்சிடிஸ் ஈ220 ப்ளூடெக் எஸ்டேட், ஓட்டோ, 112,000 மைல், விலை 1,500 பவுண்டு கூட. மைல் குறைந்ததை எடுப்பதுதானே புத்தி?

பதில்: மைலை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். முதலில் யூலெஸ், அதாவது புகை கூடிய வாகனங்களுக்கு லண்டனில் அறவிடும் நாள் கட்டணம். 2023 ஆகஸ்ட் 29 முதல் குரோய்டன் உட்பட லண்டனின் எல்லா பரோக்களிலும் (நகரின் நிர்வாகப் பிரிவுகள்) அது நடைமுறையில் இருக்கிறது. டீசல் கார் யூரோ 6 என்ற புகைத் தரத்தில் இல்லாவிட்டால் நாளுக்கு 12.50 பவுண்டு, உங்கள் வேலை நாட்களுக்கு மட்டும் வாரம் 62.50. ப்ளூடெக் யூரோ 6தான். ஆனால் அதே உருவத்தில் வந்த ஈ220 சிடிஐ யூரோ 5. விற்பவர் சொல்வதை விட்டு, நம்பர் பிளேட்டை லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையப் பக்கத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

அடுத்தது எம்ஓடி எனப்படும் வருடாந்த வாகனச் சோதனையின் வரலாறு. அரசின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வருடாவருடம் 25,000 மைல் ஏறியிருந்தால் அது மோட்டர்வேயில் ஓடிய கார். எஞ்சின் நன்றாகச் சூடாகி, டிபிஎஃப் எனப்படும் புகைவடிகட்டி தன்னில் படிந்த கரியைத் தானே எரித்திருக்கும். வருடம் 6,000 மைல் மட்டும் ஊருக்குள் உருண்ட காரில் அந்த எரிப்பு பாதியில் நின்று நின்று போயிருக்கும். எரிப்புக்காகக் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசல் எஞ்சின் ஒயிலில் இறங்கி அதை நீர்த்துப்போகச் செய்யும். டிப்ஸ்டிக்கில் ஒயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றால் இதுதான் காரணமாக இருக்கக்கூடும். அப்படியான காரில் டர்போவையும் நம்ப முடியாது.

ஒக்டாவியாவில் டைமிங் பெல்ட்டும் (எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் பட்டி) வோட்டர் பம்பும் சேர்ந்து மாற்றப்பட்ட ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த எஞ்சினில் பம்ப்தான் பலவீனம். எஞ்சின் சீக்கிரம் சூடாக வேண்டும் என்பதற்காக பம்பின் விசிறியை மூடித் திறக்கும் ஓர் உறை வைத்திருக்கிறார்கள். அது மூடிய நிலையில் சிக்கினால் கூலன்ட் ஓடாது, எஞ்சின் கொதித்துவிடும். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வெப்பமானி முள்ளைப் பாருங்கள். எஞ்சின் வெப்பம் சற்று ஏறி இறங்கினாலும் முள் 90இலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். அதையும் மீறி முள் மேலே போகிறது என்றால் உள்ளே கோளாறு முற்றிவிட்டது. ரசீது இல்லாவிட்டால் பெல்ட், பம்ப் செலவாக 600 பவுண்டு அளவில் விலையில் குறைக்கச் சொல்லுங்கள். பெல்ட்டுக்கு மைலோடு வயதுக் கணக்கும் உண்டு. எஞ்சினை நிறுத்தும்போது ஒரு குலுக்கல், ஐடிலில் கிளச்சை மிதித்து விடும்போது சத்தம் மாறுவது, இரண்டும் இருந்தால் டூவல் மாஸ் ஃப்ளைவீல் (எஞ்சின் அதிர்வைத் தணிக்கும், கிளச்சை ஒட்டிய சக்கரம்) தேய்ந்திருக்கிறது. கிளச்சோடு சேர்த்து மாற்ற ஆயிரம் பவுண்டுப் பக்கம் போகும்.

மெர்சிடிஸில் பெல்ட் இல்லை, செயின். ஆனால் அது எஞ்சினின் பின்பக்கம், கியர் பெட்டியை ஒட்டி இருக்கிறது. அதைத் தொடுவது பெரிய வேலை. இரவு முழுக்க ஓய்ந்து ஆறிய எஞ்சினை உங்கள் முன்னால் இயக்கச் சொல்லுங்கள். போனட் சூடாக இருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஓரிரு செக்கனுக்கு மேல் செயின் கடகடத்தால் வேண்டாம். உங்களுக்கு இன்னும் முக்கியமானது பின் சஸ்பென்ஷன். ஈ கிளாஸ் எஸ்டேட்டில் பின்பக்கம் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள். சமதரையில் இரவு விட்ட கார் காலையில் ஒரு பக்கம் பதிந்திருந்தால் பை கசிகிறது. கசிவை ஈடுகட்ட, பைக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி, கடைசியில் அதுவும் எரிந்துபோகும். கிடாரம் ஏற்றுகிறவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஆட்புளூ (புகையின் நச்சைக் குறைக்கத் தெளிக்கப்படும் திரவம்) பக்கமும் செலவு காத்திருக்கும்: புகையில் உள்ள நைட்ரஜன் ஒக்சைட்டை அளக்கும் நொக்ஸ் சென்சர் பழுதானால் “இன்னும் இத்தனை தடவைதான் ஸ்டார்ட் ஆகும்” என்று டாஷ்போர்ட் எண்ணத் தொடங்கும். பூச்சியத்துக்கு வந்ததும் கார் அசையாது.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஸ்கானர் வைத்துள்ள மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். டிபிஎஃபில் கரி எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். கரி எரியும், சாம்பல் எரியாது, மைலோடு ஏறிக்கொண்டே போகும். சைலன்சர் குழாயின் உள்ளே விரலை விட்டால் தடித்த கரி ஒட்டுகிறதா? வடிகட்டியில் விரிசல் விழுந்திருக்கிறது அல்லது கழற்றி எறியப்பட்டிருக்கிறது. கழற்றியிருப்பது தெரிந்தால் எம்ஓடியில் தேறாது.

ஒக்டாவியாவின் டிக்கி 610 லீற்றர், ஈ கிளாஸ் 695. இட வித்தியாசம் உண்டு, ஆனால் 1,500 பவுண்டு மேலே கொடுத்து காற்றுப் பையையும் ஆட்புளூவையும் வாங்கிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. பெல்ட் ரசீதும் சீரான எம்ஓடி மைலும் இருந்தால் 148,000 மைல் ஒக்டாவியாவையே எடுங்கள்.

கேள்வி: 2012 வொல்வோ வி70 டி5 நல்ல விலைக்கு வருகிறது. 2015 டி4 அதைவிட விலை கூட. ஐந்து சிலிண்டர் எஞ்சின்தான் உறுதி என்கிறார்கள். ஹரோவில் இருக்கிறேன்.

பதில்: எஞ்சின் உறுதிதான். ஆனால் அந்த டி5 யூரோ 5. ஹரோவும் லண்டன் பரோ, வீட்டு வாசலைத் தாண்டினாலே யூலெஸ் கட்டணம். டி4 எடுப்பதென்றால் அது நான்கு சிலிண்டர் எஞ்சினா என்று உறுதிசெய்யுங்கள். ஆம் என்றால் இன்னொன்று: 2014 முதல் 2019 வரையான அந்த நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின்களின் பிளாஸ்டிக் இன்டேக் மனிஃபோல்ட் (எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்) உருகித் தீப்பிடிக்கலாம் என்று 2019இல் வொல்வோ அவற்றைத் திருப்பி அழைத்தது. சசி எண்ணைக் கொடுத்து, வேலை முடிந்ததா என்று டீலரிடம் கேளுங்கள்.

கேள்வி: பிள்ளைகளின் பள்ளி, கடை, கோயில், எல்லாம் மூன்று மைலுக்குள். இடவசதிக்காக டீசல் எஸ்டேட் வாங்கலாமா? “டிபிஎஃப் கிளீன் பண்ணியாச்சு” என்கிறார் விற்பவர்.

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். வடிகட்டி கரியை எரிக்க 600 பாகை அளவு வெப்பம் வேண்டும். மூன்று மைலில் எஞ்சினே சரியாகச் சூடாகாது. இன்று சுத்தம் செய்தாலும் சில மாதங்களில் மறுபடி அடைக்கும். உங்களுக்குப் பொருந்துவது டொயோட்டா ஓரிஸ் டூரிங் ஸ்போர்ட்ஸ் ஹைப்ரிட்: பெற்றோல், 530 லீற்றர் டிக்கி, யூலெஸ் தொல்லை இல்லை. பின் இருக்கைப் பக்கம் உள்ள பற்றரிக் காற்றுத் துவாரம் தூசி அடைக்காமல் இருக்கிறதா பாருங்கள். வாங்கிய வாரமே கட்டலிட்டிக் கன்வேட்டருக்கு (புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) பூட்டுக் கவசம் போடுங்கள். ஹைப்ரிட் கார்களில்தான் திருடர்கள் அதைக் கூடுதலாக அறுத்துக்கொண்டு போகிறார்கள்.