'பால்டோ' படத்தில் வரும் நாய் நிஜமா? முன்னணி நாயின் வேலை என்ன?

நிஜம்தான். 1925 ஜனவரியில் அலாஸ்காவின் நோம் நகரில் டிப்தீரியா (தொண்டை அடைப்பான்) நோய் பரவியது. கடல் உறைந்துகிடந்தது, நோமுக்கு மிக அருகில் ரயில் போன இடமே நெனானாதான். அங்கிருந்து சுமார் 1,085 கிலோமீட்டருக்கு மருந்தை நாய்வண்டிகள்தான் கைமாற்றிக் கொண்டுபோயின. 1995-இல் வந்த அனிமேஷன் படத்துக்குக் கரு இதுதான்.

வண்டி இழுக்கும் கூட்டத்தில் முதலில் ஓடுவது முன்னணி நாய். இந்த வண்டிக்குக் கடிவாளம் கிடையாது. ஓட்டுபவர் பின்னால் நின்று குரல் கொடுப்பார், அவ்வளவுதான். பனிப்புயலில் அவருக்குக் கண் தெரியாது. நாய் மோப்பத்தாலும் காலடி உணர்வாலும் தடம் பிடிக்கும். மூடுபனியில் லாரிக்கு முன்னால் இறங்கி நடந்து வழிகாட்டும் கிளீனர் மாதிரி.

பால்டோவை முன்னணி நாயாக வைத்து ஓட்டிய குன்னர் காசனின் வண்டி ஓரிடத்தில் காற்றில் கவிழ, மருந்துப் பொதி பனியில் விழுந்தது. வெறுங்கையால் துழாவி எடுத்தார். படத்தைவிட இதுதான் பதைபதைக்க வைக்கிறது!

பால்டோவே முழுத் தூரமும் ஓடியதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: 20 ஓட்டிகள் பங்கேற்றார்கள், பால்டோ ஓடியது கடைசிக் கட்டம், மிக நீண்ட கட்டத்தை ஓடியது டோகோ என்ற இன்னொரு முன்னணி நாய். அப்புறம், படத்தில் காட்டுவதுபோல் பால்டோ பாதி ஓநாயும் இல்லை, சைபீரியன் ஹஸ்கி.