ஒத்துக்கொண்டு சேர்ந்தால் உரிமை போய்விடுமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் நாலு வருஷமாக வேலை பார்க்கிறேன். சேர்ந்தபோது பேசிய அதே சம்பளம்தான் இன்றைக்கும். கேட்டால், “ஒத்துக்கொண்டுதானே சேர்ந்தாய், கவர்மெண்ட் இன்னும் ஏற்றவில்லை” என்கிறார் முதலாளி. முள்ளோடை தாண்டிப் புதுச்சேரியில் வேலை செய்யும் என் தங்கைக்குக் கணக்கு வேறாக இருக்கிறது. எது சரி?

பதில்: முதலாளி சொல்வதில் பாதிதான் உண்மை. குறைந்தபட்ச ஊதியத்தில் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி என்று இரண்டு பங்கு உண்டு. அடிப்படையை ஐந்து வருஷத்துக்குள் ஒருமுறை அரசு திருத்த வேண்டும். அரிசி விலை அவ்வளவு நாள் காத்திருக்காது என்பதற்காகத்தான் பஞ்சப்படி. தமிழ்நாட்டில் முந்தைய ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சென்னை நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் (விலைவாசி எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று காட்டும் எண்) சராசரியை வைத்து, ஒவ்வொரு ஏப்ரல் 1-ஆம் தேதியும் அதைக் கணக்கிடுகிறார்கள். கடலூர்க்காரருக்கும் சென்னைக் குறியீடுதான்! ஆக, அடிப்படை அசையாத வருஷத்திலும் விலைவாசி ஏறினால் பஞ்சப்படி ஏறும். ‘மொத்தமாகக் கைக்கு இவ்வளவு’ என்று பேசிவிடும் கடைகளில் காணாமல் போவது இதுதான்.

நீங்கள் ஒத்துக்கொண்டதால் ஒன்றும் ஆகிவிடாது. குறைந்தபட்சத்துக்குக் கீழே வாங்கச் சம்மதித்துக் கையெழுத்தே போட்டிருந்தாலும் சட்டத்தின் முன் செல்லாது. ஆனால் உங்கள் சம்பளம் ஏற்கெனவே அதற்கு மேல் இருந்தால், பஞ்சப்படி உயர்ந்ததை மட்டும் காட்டி உயர்வு கேட்க முடியாது. அதனால் முதலில் கணக்குப் பாருங்கள். கடலூரில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில், ‘கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள்’ பிரிவில் உங்கள் வேலைக்கு இந்த வருஷம் என்ன தொகை என்று கேளுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிப்பதற்கு முந்தைய சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். ஓவர்டைம் பணம், தீபாவளி போனஸ், புடவை எதுவும் இதில் சேராது.

குறைகிறது என்றால் அங்கேயே எழுத்தில் மனு கொடுக்கலாம். நீங்கள் உறுப்பினராக உள்ள பதிவு பெற்ற சங்கமும் உங்களுக்காகக் கொடுக்கலாம். முன்பு இதற்கு ஆறு மாதக் கெடுதான். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் அது மூன்று வருஷம். விடுபட்ட தொகையோடு, அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்க இடமுண்டு. பணம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. ஆனாலும் பாஸ்புக், சம்பளச் சீட்டு, வருகைப் பதிவின் போட்டோ எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

தங்கைக்கு வருவோம். வீடு எங்கே என்பது கணக்கில்லை, வேலை எங்கே என்பதுதான். அவருக்குப் புதுச்சேரி அரசின் ஆணை. மனுவும் அங்குள்ள தொழிலாளர் துறையிடம்தான்.