பாசலுக்கு வந்த மாங்குளத்துத் தங்கச்சிக்கு: எல்லை தாண்டும்போது காசு

தங்கச்சி, உங்கள் கேள்வியை விசுவமடுவில் அம்மா வீட்டு விறாந்தையில் இருந்து வாசித்தேன். லீவில் வந்திருக்கிறேன். நீங்கள் மாங்குளத்திலிருந்து கலியாணமாகி, சுவிஸின் எல்லை நகரமான பாசலுக்கு வந்து ஐந்து மாதம். அடுத்த மாதம் ஜேர்மனியில் மச்சாளின் மகளுக்குச் சாமத்திய வீடு (பூப்புனித நீராட்டு விழா), அப்படியே பாரிஸுக்குப் போய் நகை பார்த்துவிட்டுத் திரும்புகிற எண்ணம். கையில் 3,000 பிராங் இருக்கிறது, எல்லாவற்றையும் சுவிஸிலேயே யூரோவாக மாற்றிக்கொண்டு போவதா, அங்கே போய் மாற்றுவதா, கார்ட் மட்டும் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், குழப்பமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள்.

பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். 3,000த்தையும் மாற்ற வேண்டாம். 200 யூரோ, அதுவும் பத்து, இருபது தாள்களாக எடுத்துக்கொள்ளுங்கள். சாமத்திய வீட்டு என்வலப்புக்கு உரியதைப் புறம்பாக யூரோவில் எடுங்கள். மற்றதெல்லாம் கார்ட்டில் போகட்டும். ஆனால் இதைச் செய்ய உங்களுக்கு மனம் வராது என்றும் எனக்குத் தெரியும். எனக்கும் வரவில்லை.

2009இல் போரின் கடைசி நாட்களில் வட்டுவாகல் பாலத்தால் வரும்போது அம்மா காசை ஒரு சொப்பிங் பையில் சுற்றி, இடுப்பில் சீலைக்குள் கட்டியிருந்தா. செட்டிகுளம் முகாமுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஈரம். தறப்பாள் கூடாரத்துக்குள் ஆயிரம் ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக விரித்து, காற்றுக்குப் பறக்காமல் மேலே சின்னக் கல் வைத்துக் காயவைத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வங்கிப் புத்தகம் எங்கோ போய்விட்டது. அந்தத் தாள்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. அப்படி வந்தவர்களுக்குக் கையில் தாளாகக் காசு இல்லாமல் ஓர் எல்லையைக் கடப்பது என்றால் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும். ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டுவது போல உடம்பு நினைத்துக்கொள்ளும். மாங்குளத்தில் வளர்ந்த உங்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை.

அந்தப் பழக்கத்தோடுதான் நான் 2011இல் சுவிஸுக்கு வந்தேன். 2015 தை மாதம் ஜேர்மனியில் மனைவியின் தங்கையின் கலியாணம். 12ஆம் திகதி, திங்கட்கிழமை, 6,000 பிராங்கைக் கொடுத்து 5,000 யூரோ வாங்கினேன். அப்போது ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே இறங்காமல் சுவிஸ் தேசிய வங்கி 2011 முதல் பிடித்து வைத்திருந்தது. வியாழக்கிழமை, 15ஆம் திகதி, அந்தப் பிடியைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டார்கள். அன்றைக்கே யூரோ கிட்டத்தட்ட ஒரு பிராங்குக்கு வந்துவிட்டது. மூன்று நாள் பொறுத்திருந்தால் அதே காசுக்கு 6,000 யூரோ அளவில் கிடைத்திருக்கும். சரி, அதை யாராலும் முன்கூட்டி அறிய முடியாது, அதற்காக நான் கவலைப்படவில்லை. கவலை வேறு இடத்தில். கலியாணத்துக்கு உண்மையில் 3,000 யூரோதான் தேவைப்பட்டது. ‘கையில் இருக்கட்டும்’ என்று கூட மாற்றிய 2,000 யூரோ திரும்பி வந்தது. அதை மறுபடி பிராங்காக மாற்றியபோது 400 பிராங்குக்கு மேல் போய்விட்டது. உணவகச் சமையலறையில் இரண்டு மூன்று நாள் நின்ற உழைப்பு அது.

மாற்றுகிற இடங்களில் ‘கொமிசன் இல்லை’ என்று பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் அறுவடைக்கு நெல் வாங்க லொறியோடு வருகிற முதலாளி கொமிசன் கேட்கிறாரா? இல்லை. வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவில் அவருடைய லாபம் இருக்கிறது. காசும் அப்படித்தான். பலகையில் இரண்டு எண் இருக்கும், ஒன்று அவர்கள் யூரோ வாங்குகிற விலை, மற்றது விற்கிற விலை. இரண்டுக்கும் இடைவெளி கூடக் கூட உங்களுக்கு நட்டம். பிராங்கை யூரோவாக்கி, மிஞ்சிய யூரோவை மறுபடி பிராங்காக்கினால் நெல்லை விற்றுவிட்டு அதே நெல்லை அதே முதலாளியிடம் திருப்பி வாங்கியது போலாகிவிடும். வங்கிகளிலும் தாளுக்கு ஒரு விலை, கணக்கிலிருந்து போகிற காசுக்கு ஒரு விலை. தாளைக் கொண்டுவந்து, எண்ணி, பூட்டி வைக்கிற செலவு அதில் ஏறும். அதனால்தான் கார்ட் என்கிறேன். தாளாக வேண்டிய கொஞ்சத்தை பாசலில் உங்கள் வங்கியின் இயந்திரத்திலேயே எடுக்கலாம், பல இயந்திரங்கள் யூரோவும் தரும்.

கார்ட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. இதைக் கவனமாக வாசியுங்கள். ஜேர்மனிக் கடையில் 80 யூரோவுக்குச் சாமான் வாங்கி கார்ட்டை வைத்ததும், அது சுவிஸ் கார்ட் என்று இயந்திரம் கண்டுபிடித்துவிடும். திரையில் இரண்டு கட்டம் வரும். ஒன்றில் 80 யூரோ, மற்றதில் பிராங் கணக்கு. பிராங் எங்களுக்குப் பழகின காசு, கை தானாக அங்கே போகும். அழுத்தாதீர்கள். யூரோவை அழுத்துங்கள். பிராங்கை அழுத்தினால் மாற்று விலையைத் தீர்மானிப்பது உங்கள் வங்கி அல்ல, அந்த இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கிற நிறுவனம். பெற்றோல் அடிக்கப் போன இடத்தில் அவசரத்தில் ஒரு முறை பிராங்கை அழுத்திவிட்டு, வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். 90 யூரோவுக்கு நாலு பிராங் அளவில் கூடப் போயிருந்தது. ஒரு தடவைக்கு நாலு பிராங் பெரிதில்லை. கிழமைக்கு ஒரு தடவை எல்லை தாண்டிச் சாமான் வாங்குகிற குடும்பத்துக்கு வருடத்தில் 200 பிராங்.

காசு எடுக்கிற இயந்திரமும் இதையே கேட்கும். ‘மிட் உம்ரெக்னுங்’ என்றால் அவர்கள் மாற்றித் தருவது, ‘ஓனே உம்ரெக்னுங்’ என்றால் மாற்றாமல். எப்போதும் ‘ஓனே’. நீங்கள் இப்போது டொச் வகுப்புக்குப் போகிறீர்கள் அல்லவா, இந்த இரண்டு சொல்லையும் முதலில் பாடமாக்குங்கள். இயந்திரமும் ஒரு வங்கிக் கிளையின் சுவரில் இருப்பதாகப் பாருங்கள். ஸ்டேசனிலும் உல்லாசப் பயணிகள் கூடுகிற தெருவிலும் தனியாக நிற்கிற இயந்திரங்கள் கட்டணமும் கூட, விலையும் மோசம்.

உங்கள் கார்ட்டுக்கு வெளிநாட்டில் எவ்வளவு கட்டணம் என்று போவதற்கு முன் வங்கியில் கேளுங்கள், வங்கிக்கு வங்கி வேறு. பல நாட்டுக் காசை வைத்திருக்கிற செயலிகளையும் எங்கள் பிள்ளைகள் பாவிக்கிறார்கள், நல்லதுதான். சிலவற்றில் சனி, ஞாயிறு மாற்றினால் கூடுதலாக வெட்டுவார்கள். எங்கள் கொண்டாட்டமெல்லாம் சனி, ஞாயிறுதானே, ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் மாற்றி வையுங்கள். சுவிஸில் எல்லா இடமும் ஓடுகிற, போனில் காசு கட்டுகிற ட்வின்ட் செயலியை நம்பி எல்லை தாண்ட வேண்டாம்.

அப்படியென்றால் 200 யூரோ தாள் எதற்கு? ஜேர்மனியில் சின்ன பேக்கரி, சந்தை, சில சாப்பாட்டுக் கடைகளில் இன்னும் கார்ட் எடுக்க மாட்டார்கள். பாரிஸ் லா சப்பலில் எங்கள் ஆட்களின் கடைகளிலும் சின்னத் தொகைக்குக் காசுதான் கேட்பார்கள். சில்லறையும் வேண்டும். முதல் முறை ஜேர்மனிப் பக்கத்து எல்லை ஊரான வைல் அம் ரைனுக்கு ட்ராமில் போய் இறங்கி, சுப்பர்மார்க்கெட் வாசலில் தள்ளுவண்டியை இழுத்தால் வரவில்லை. ஒரு யூரோ குற்றி போட்டால்தான் சங்கிலி கழரும். என் பையில் 50 யூரோத் தாள் இருந்தது, குற்றி ஒன்றுகூட இல்லை. கைக்குழந்தையை மனைவி தூக்கிக்கொண்டு நிற்க, நான் பாண் ஒன்று வாங்கிச் சில்லறையாக்கி வந்தேன். கழிப்பறைக்கும் அது வேண்டும். ஆகவே திரும்பி வரும்போது மிஞ்சிய குற்றிகளை எறியாமல் ஒரு சின்னப் போத்தலில் போட்டு வையுங்கள், மாற்றுகிற இடத்தில் குற்றி எடுக்கவே மாட்டார்கள்.

காசைவிட முக்கியமான ஒன்று. பாசலில் 8ஆம் இலக்க ட்ராம் ஜேர்மனிக்குள்ளும் 3ஆம் இலக்க ட்ராம் பிரான்ஸுக்குள்ளும் போகும், எல்லை கடந்ததே தெரியாது. உங்களிடம் ‘பி’ எழுத்து வதிவிட அட்டை இருப்பதால் பிரச்சினை இல்லை, அட்டையும் கடவுச்சீட்டும் இரண்டும் கையில் இருக்க வேண்டும். ஆனால் உங்களோடு வரப்போகிற அந்தத் தம்பி அகதி விண்ணப்பம் போட்டு ‘என்’ எழுத்து அட்டையில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்த அட்டையோடு சுவிஸை விட்டு வெளியே போகக் கூடாது. ஒரு நாள் விருந்துக்காக அவருடைய வழக்கைக் குழப்ப வேண்டாம்.

அடுத்தது, யாராவது ‘சீட்டுக் காசு கொஞ்சம் இருக்கு, ஜேர்மனியில் அண்ணரிடம் குடுத்துவிடுங்கோ’ என்று ஒரு கட்டைத் தந்தால் வாங்காதீர்கள். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இல்லை. அதனால் 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் தாளாகக் கொண்டு ஜேர்மனிக்குள்ளோ பிரான்ஸுக்குள்ளோ போனால் சுங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அது வரி இல்லை, அறிவித்தால் போதும். அறிவிக்காமல் பிடிபட்டால் தண்டப்பணம், காசையும் மறித்து வைப்பார்கள். எங்கிருந்து வந்த காசு என்று கேட்டால் மற்றவரின் சீட்டுக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? தொகை குறைவாக இருந்தாலும் மற்றவர் காசை எல்லை தாண்டிக் கொண்டுபோகாதீர்கள்.

இனி நகை. லா சப்பலில் விலையைப் பார்த்ததும் மனம் துள்ளும். திரும்பி வரும்போது ஒருவர் ஒரு நாளில் 150 பிராங் பெறுமதிக்குத்தான் வரியில்லாமல் சாமான் கொண்டுவரலாம். முன்பு 300 ஆக இருந்தது, 2025 தை முதலாம் திகதியிலிருந்து 150. தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி, நகைக்கு 8.1 வீதம். 1,200 பிராங் சங்கிலி என்றால் 97 பிராங். இரண்டு பேர் போனோம், பாதி பாதி என்று ஒரே சங்கிலியைப் பிரிக்க முடியாது. கழுத்தில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், புது நகை சுங்கக்காரருக்குத் தெரியும். பிரான்ஸில் கட்டிய வரியைத் திரும்ப எடுக்கிற வழி இருக்கிறது, கடையில் வாங்கும்போதே சுவிஸில் வசிக்கிறேன் என்று சொல்லிப் பத்திரம் கேளுங்கள். இரண்டு வரியையும் கூட்டிக் கழித்துப் பார்த்த பிறகு விலையை ஒப்பிடுங்கள். போகும்போது போட்டுக்கொண்டு போகிற தாலிக்கொடி உங்களுடையது, அதற்கு ஒன்றும் இல்லை. அதன் படத்தையும் பற்றுச்சீட்டின் படத்தையும் போனில் வைத்திருங்கள். ஆட்டிறைச்சி ஆளுக்கு ஒரு கிலோ மட்டும். அதற்கு மேல் கிலோவுக்கு 17 பிராங் சுங்கம், லாபமே இருக்காது.

கடைசியாக, கலியாணத்துக்கு ஊரில் ஒரு பெரியம்மா தந்துவிட்ட 100 பிராங் தாளைக் கடையில் எடுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது கள்ளத் தாள் இல்லை, பயப்பட வேண்டாம். நேற்று இங்கே என் சின்னம்மாவும் பெட்டிக்கடியிலிருந்து அதே தாளைக் கொண்டுவந்து தந்தா. நீலத் தாள், ஓர் ஆணின் முகம், மடிப்பில் நப்தலின் உருண்டை மணம். யாரோ 2016இல் வந்தபோது கொடுத்ததை அவசரத்துக்கு உதவும் என்று வைத்திருந்திருக்கிறா. முகம் இருப்பது பழைய தாள், கை இருப்பது புதியது. பழையவை 2021 சித்திரை 30ஆம் திகதியோடு கடைகளில் செல்லாது, ஆனால் சுவிஸ் தேசிய வங்கி எந்தக் காலத்திலும் முழுப் பெறுமதிக்கு மாற்றித் தரும். பேர்ணிலும் சூரிச்சிலும் அவர்களுடைய கருமபீடம் இருக்கிறது. சின்னம்மாவின் தாளை நான் கொண்டு போகிறேன். உங்களுடையதையும் வைத்திருங்கள், இரண்டையும் ஒரே நாளில் சூரிச்சில் மாற்றலாம்.

25ஆம் திகதி பாசலுக்கு வந்துவிடுவேன். பயணத்தில் எந்த இயந்திரமாவது இரண்டு கட்டம் காட்டி, எதை அழுத்துவது என்று தெரியாமல் போனால், அழுத்த முன் படம் எடுத்து அனுப்புங்கள்.