ஆர்.எஸ். மெக்கால் என்ற பழைய ஸ்காட்லாந்து கால்பந்து வீரருக்கு 'டாஃபி பாப்' என்று ஏன் பெயர் வந்தது?

மிட்டாய்க்கடைதான் காரணம். டாஃபி என்பது ஒரு வகை மிட்டாய், பாப் என்பது ராபர்ட் என்ற பெயரின் செல்லச் சுருக்கம். ராபர்ட் ஸ்மித் மெக்கால் 1876-இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். அண்ணன் தம்பி இருவருமாக 1901-இல் அங்கே ஒரு மிட்டாய்க்கடையைத் தொடங்கினார்கள். பின்னாளில் 'ஆர்.எஸ். மெக்கால்' என்ற பெயர்ப் பலகை ஸ்காட்லாந்துத் தெருக்களில் பழகிப்போன ஒன்றானது. கால்பந்து தெரியாதவர்களுக்கும் அந்தப் பெயர் தெரியும்!

ஆனால் ஆள் வெறும் கடைக்காரர் இல்லை. அன்று சம்பளமே தராத கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க் அணியின் சென்டர் ஃபார்வர்டு, அதாவது நடு முன்வரிசையில் நின்று கோல் போடுபவர். ஸ்காட்லாந்துக்காக 13 ஆட்டங்கள், 13 கோல்கள். அதில் மூன்று ஹாட்ரிக், அதாவது ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்.

எல்லாரும் பேசுவது 1900 ஏப்ரல் ஆட்டத்தைத்தான். கிளாஸ்கோவின் செல்டிக் பார்க் மைதானத்தில் எதிரணி இங்கிலாந்து. வழக்கமான கருநீலத்தை விட்டுவிட்டு, முன்னாள் பிரிட்டன் பிரதமர் ரோஸ்பெரி பிரபுவின் பந்தயக் குதிரைகளுக்குரிய இளமஞ்சள், இளஞ்சிவப்பு நிறங்களில் ஸ்காட்லாந்து இறங்கியது. ஆட்டம் தொடங்கிய சூட்டோடு மெக்கால் முதல் கோலைப் போட்டார். இடைவேளைக்குள் அவருடைய ஹாட்ரிக் முடிந்துவிட்டது. 4-1 வெற்றி.

1901-இல் இங்கிலாந்தின் நியூகாசில் அணிக்குப் போய்ச் சம்பளத்துக்கு ஆடினார், அப்புறம் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் அணி. சம்பளம் வாங்கியவரைக் குயின்ஸ் பார்க் திரும்பச் சேர்க்காது என்பது அப்போதைய வழக்கம். இவருக்காக 1907-இல் அதைத் தளர்த்தினார்கள். நன்றிக்கடன் என்றே சொல்லலாம், 1910-இல் அங்கே ஆடிய கடைசி ஆட்டத்தில் ஆறு கோல் போட்டுவிட்டுத்தான் விடைபெற்றார்.