ஊற்று வற்றுகிறது, மண் ஓடுகிறது: போர் போடலாமா?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம், சரிவில் 2 ஏக்கர் அராபிகா காபி வைத்திருக்கிறேன். நிழல் அதிகம் என்று மூன்று வருடம் முன்பு சில்வர் ஓக் மரங்களில் பாதியை எடுத்தோம். இப்போது மழை பெய்தால் செம்மண் கரைந்து ஓடுகிறது. தோட்டத்தின் அடியில் உள்ள ஊற்று மாசியிலேயே நின்றுவிடுகிறது. ஜேசிபி வைத்துப் படி வெட்டி, ஒரு போரும் (ஆழ்துளைக் கிணறு) போட்டுவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

சேர்வராயன் மலை சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை. அதன்மேல் கிடக்கும் மண்ணும் மக்கிய பாறையும்தான் மழையைப் பிடித்துவைத்து ஊற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. போரில் பாறை வெடிப்பு சிக்கினால் தண்ணீர், இல்லாவிட்டால் வெறும் புகைதான். சிக்கிய வெடிப்பு ஊற்றோடு தொடர்புள்ளதாக இருந்தால் இருக்கிற கசிவும் போய்விடும்.

படி வெட்டுவது அதைவிட மோசம். காபியின் சல்லி வேர்கள் பெரும்பாலும் மேல் ஓரடி மண்ணில்தான் இருக்கின்றன. ஜேசிபி முதலில் வாரிக் கொட்டுவது அந்த ஓரடியைத்தான். கொட்டிய மண் ஐப்பசி மழைக்கு நிற்காது.

அடுத்த மழை விட்டதும் மரம் எடுத்த பகுதியில் குனிந்து பாருங்கள். சிறு கற்கள் ஒவ்வொன்றும் குட்டி மண் தூண்மேல் உட்கார்ந்திருந்தால், சுற்றியிருந்த மண் அந்த உயரத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். மேலே மெல்லிய ஏடு கட்டி இறுகியும் இருக்கும். அந்த ஏடுதான் தண்ணீரை உள்ளே விடாமல் ஓடவிடுகிறது. சருகு மூடிய இடத்தில் ஏடு இருக்காது, மண் பொலபொலவென்று கையோடு வரும்.

ஆகவே முதல் வேலை மூடாக்கு, அதாவது சருகாலும் தழையாலும் மண்ணை மூடிவைப்பது. களையை மண்வெட்டியால் கொத்தாமல் அரிவாளால் சீவி அங்கேயே போடுங்கள். கவாத்துக் கழிவையும் சருகையும் கொளுத்தாதீர்கள். (தோட்டம் 'சுத்தமாக' இருக்க வேண்டும் என்ற ஆசையில் போகிற மண் கொஞ்சநஞ்சம் அல்ல.)

அடுத்தது குழி. 10 மி.மீ. மழையில் ஒரு ஏக்கரில் விழுவது சுமார் 40,000 லிட்டர். 10 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு குழி 420 லிட்டருக்கு மேல் பிடிக்கும். ஏக்கருக்கு நூறு குழி என்றால் அந்த மழை முழுவதும் ஓடிவந்தாலும் நின்றுவிடும். செடி வரிசைகளுக்கு நடுவே, சரிவுக்குக் குறுக்கே, மேல் வரிசையின் இடைவெளிக்கு நேர் கீழே அடுத்த வரிசைக் குழி வருமாறு எடுங்கள். குழியின் அடி மட்டமாக இருக்க வேண்டும்; கண்ணை நம்பாதீர்கள், கொத்தனாரிடம் டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) கேட்டு வாங்குங்கள். மண் ஈரமாக இருக்கும் ஆவணி, புரட்டாசியில் வெட்டுவது சுலபம். நிரம்பும் வண்டலை வருடம் ஒருமுறை எடுத்துச் செடிக்கே போட்டுவிடலாம். ஊற்றுக்கு மேலே உள்ள சரிவில் ஆரம்பியுங்கள். ஆனால் வீட்டுக்கு மேலேயோ, சாலைக்காக வெட்டிய செங்குத்து மண் சுவருக்கு மேலேயோ குழி கூடவே கூடாது. நீர் ஊறினால் சரியும்.

நிழலையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். வெயில் ஏறிய தோட்டத்தில்தான் காபித் தண்டைக் குடையும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு அதிகம் வரும். ஆனி, ஆடி மழையில் கல்யாண முருங்கைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) நட்டால் சீக்கிரம் தழையும், தழைச்சத்தும் கிடைக்கும். மேல் நிழலுக்குப் பலா, அத்தி. மிச்ச சில்வர் ஓக்கில் மிளகு ஏற்றுங்கள். அதை வெட்டும் எண்ணம் இருந்தால் முதலில் வனத்துறையில் கேளுங்கள். மலைப் பகுதி மரங்களுக்கென்று 1955 முதலே தனிச் சட்டம் இருக்கிறது.

அப்புறம், ஊற்றில் ஒரு குடம் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று மாதம் ஒருமுறை, மழை இல்லாத நாளில் எழுதிவையுங்கள். இரண்டு கோடையின் கணக்கு கையில் இருந்தால், போர் தேவையா என்று அப்போது பேசலாம்.