மானாவாரிக் கேழ்வரகுக்குப் புதிய விதை மட்டும் போதுமா?

கேள்வி: என் அண்ணன் தேன்கனிக்கோட்டைப் பக்கம் இரண்டு ஏக்கர் செம்மண் நிலத்தில் மானாவாரியாகக் கேழ்வரகு பயிரிடுகிறார். சில ஆண்டுகளாக விதைத்தபின் மூன்று வாரம் வானம் பொய்த்துவிடுகிறது. பிறகு ஒரேயடியாகக் கொட்டுகிறது. நான் பெங்களூருவில் இருப்பதால், இங்குள்ள வேளாண் பல்கலைக்கழகத்தில் வறட்சி தாங்கும் விதை வாங்கி அனுப்பச் சொல்கிறார். விதையை மாற்றினால் போதுமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: நல்ல விதை அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. கேழ்வரகு ஆராய்ச்சியில் கர்நாடகத்தின் பங்கு பெரியது. மண்டியாவில் பணியாற்றிய இலட்சுமணையா இந்திய ரகங்களையும் ஆப்பிரிக்க ரகங்களையும் கலந்து, அவ்விரு பெயர்களையும் இணைத்து ‘இண்டாஃப்’ என்றழைக்கப்பட்ட ரகங்களை உருவாக்கினார். அந்த வழியில் பின்னர் வந்த ஜி.பி.யூ. 28 என்ற ரகம், கதிரின் கழுத்தைக் கருக்கும் குலை நோயைத் தாங்குவதால் இன்றும் பரவலாக விதைக்கப்படுகிறது.

எனினும், உங்கள் அண்ணனின் சிக்கலுக்கு இதைவிட நேரடியான விடை, பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகச் செம்மண்ணில் 1978 முதல் நடந்துவரும் நீண்டகால மானாவாரி ஆய்வில் இருக்கிறது. ஆண்டுதோறும் ரசாயன உரம் மட்டும் இட்ட பாத்திகளில் விளைச்சல் காலப்போக்கில் சரிந்தது. எக்டேருக்கு 10 டன் தொழு உரத்தையும் சேர்த்து இட்ட பாத்திகளில் அது நிலைத்து நின்றது. செம்மண்ணுக்கு நீரைப் பிடித்துவைக்கும் திறன் இயல்பாகவே குறைவு. தொழு உரத்தால் மண்ணில் மக்கிய பொருள் கூடினால் மழையில்லாத நாட்களில் வேருக்கு ஈரம் கிடைக்கிறது, பெருமழையில் மேல்மண் அவ்வளவாக அடித்துச் செல்லப்படுவதில்லை. எத்தனை உயர்ந்த ரகமானாலும், சத்தும் ஈரமும் இல்லாத மண்ணில் தன் திறனைக் காட்ட முடியாது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். அந்தக் கணக்குப்படி ஏக்கருக்கு 4 டன் வேண்டும். மாடுகள் குறைந்துவிட்ட ஊர்களில் இது எளிதல்ல என்பதை அறிவேன். கிடைப்பதைக் கொண்டு ஆண்டுக்கு ஓர் ஏக்கராக மாற்றி மாற்றி இட்டாலும் பயனுண்டு.

அடுத்து, விதைப்பை மழையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். சூலையிலேயே நல்ல மழை கிடைத்தால் 120 நாளில் விளையும் ரகம் வரைக்கும் விதைக்கலாம். ஆகஸ்டு என்றால் 110 நாள் வயதுள்ள ஜி.பி.யூ. 28 பொருந்தும், அதற்கும் தாமதமானால் 100 நாளில் முடியும் ஜி.பி.யூ. 48 போன்ற குறுகிய கால ரகமே பாதுகாப்பானது. ஆகவே ஒரே விதையை வாங்கி அனுப்பாமல், வெவ்வேறு நாளில் விளையும் இரண்டு ரகங்களை அனுப்பிவையுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே உள்ள பையூர் ஆராய்ச்சி நிலையத்திலும் அண்ணன் விசாரிக்கட்டும். அவர் மண்ணுக்கு அது பெங்களூருவைவிட நெருக்கமானது.

கேழ்வரகு எட்டு வரிசைக்கு இரண்டு வரிசை துவரை என்ற ஊடுபயிர் முறையையும் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் விதைக்கலாம். துவரையின் வேர் ஆழமாக இறங்குவதால், இடையில் கேழ்வரகு வாடினாலும், ஐப்பசி மழையைப் பயன்படுத்திக்கொண்டு அது காய்த்துவிடும்.